ஜன்னலை மறைத்த அலமாரி

1

போன மாதம் என் வகுப்பறையில் இருந்த அலமாரி ஒன்றை இடம் மாற்றி வைத்தேன். நெதர்லாந்துக்கு நாங்கள் வந்து பத்தாவது வருடம் நடக்கிறது. ஊரில் இருப்பவர்களுக்கு எழுத இதைவிடப் பெரிய சங்கதி ஏதாவது இருக்குமா என்று தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. பனி, சைக்கிள், சீஸ், காற்றாலை எல்லாவற்றையும் எனக்கு முன்னால் வந்தவர்கள் எழுதித் தள்ளிவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது அலமாரிதான்.

நான் பிறந்தது அனுப்பம்பட்டு. ரயில் ஓடும் ஊர். கல்யாணமாகிப் போனது பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் கோட்டைக்குப்பம். அங்கே அங்கன்வாடியில் டீச்சராக இருந்தேன். வீட்டுக்காரர் மீன்பிடிக் குடும்பம். ஆனால் அவருக்கு வலையைவிட இன்ஜின் மேல்தான் ஆசை. டீசல் மெக்கானிக் வேலை கற்றுக்கொண்டு, துறைமுகத்தில் மண் வாரும் கப்பலில் சேர்ந்தார். அந்தக் கப்பல் டச்சுக்காரர்களுடையது. அப்படியே பிடித்துக்கொண்டு ரோட்டர்டாமுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊருக்கு வந்து சேர்ந்தோம். அவர் மாதத்தில் பாதி நாள் கப்பலில் இருப்பார். எங்கள் மகள் கயல் வரும்போதே பள்ளிக்கூடம் போகும் வயது. இப்போது என்னிடம் பேசுவது தமிழ், தனக்குள் பேசிக்கொள்வது டச்சு.

எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான், சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது. அதை இங்கேயும் செய்யலாம் என்றார்கள். அதற்கு முன்னால் சான்றிதழ்களை மொழிபெயர்க்க வேண்டும், அதற்கு முத்திரை வாங்க வேண்டும், பேச்சுத் தேர்வில் தேற வேண்டும், நான் யாரையும் அடித்துக் கொன்றதில்லை என்று அரசாங்கம் ஒரு காகிதம் கொடுக்க வேண்டும். என் அங்கன்வாடிப் பயிற்சிச் சான்றிதழைப் புரட்டிப் பார்த்த அலுவலகப் பெண், "இது எந்தப் படிப்புக்குச் சமம்?" என்று என்னிடமே கேட்டாள். அதைச் சொல்லத்தானேம்மா உன்னை அங்கே உட்கார வைத்திருக்கிறார்கள் என்று மனசுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டேன். பேச்சுத் தேர்வில் இன்னொரு கூத்து. எல்லாரும் உட்காருங்க என்று நம் பிள்ளைகளிடம் சொல்வோமே, அந்த ஞாபகத்தில் டச்சிலும் இரண்டு வயதுக் குழந்தையைப் பெரிய மனிதருக்குரிய மரியாதைச் சொல்லால் கூப்பிட்டுவிட்டேன். தேர்வாளர் சிரித்துவிட்டு மதிப்பெண்ணைக் குறைத்தார்.

எல்லாம் முடிந்தும் எனக்குக் கிடைத்தது குழந்தைகள் காப்பகம் நடத்தும் ஒரு நிறுவனத்தில் மாற்று ஆள் வேலை. எந்தக் கிளையில் யார் லீவோ அங்கே சைக்கிளில் போக வேண்டும். பிள்ளைகளின் பெயர் மனசில் பதிவதற்குள் வேறு கிளை. பல வருடம் இப்படி ஓடியது. போன கோடையில்தான் மேற்பார்வையாளர் ஈனெக்கெ என்னைக் கூப்பிட்டு, புதிதாக ஒரு வகுப்பு திறக்கப் போகிறோம், அந்த அறையை நீயே அமைத்து நீயே நடத்து என்றார். இலையுதிர்கால விடுமுறை வரைக்கும் பார்ப்போம், சரியாக வந்தால் நிரந்தரம், வராவிட்டால் அனுபவம் உள்ள வேறொருவருக்குப் போகும் என்றும் சொன்னார். அனுபவம் உள்ள வேறொருவர் என்ற சொல் மட்டும் எனக்குக் கொஞ்சம் கடித்தது. ஆனாலும் ஓர் அறை, என் அறை. மறுபடி சைக்கிளில் ஊர் சுற்றும் வேலைக்குப் போகக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன்.

2

காலி அறை ஒன்று கையில் கிடைத்தால் எனக்குத் தலைகால் புரியாது. வெறும் தரை, நாலு சுவர், ஒரு கதவு, முழங்கால் உயரத்தில் தொடங்கி மேலே போகும் பெரிய ஜன்னல் ஒன்று. வரப் போகிறவர்கள் இரண்டு வயது முடிந்த பிள்ளைகள். நாலு வயதானால் பள்ளிக்கூடம் போய்விடுவார்கள்.

நகராட்சிப் பெண் ஒருத்தி வந்து அளந்தாள். ஒரு பிள்ளைக்கு இத்தனை சதுர மீட்டர் என்று இங்கே சட்டம். கதவிடுக்கில் விரல் நசுங்காமல் ரப்பர் பட்டை இருக்கிறதா, குழாயில் வெந்நீர் கொதிக்கக் கொதிக்க வருகிறதா, ஜன்னல் விளிம்பு கூராக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். கோட்டைக்குப்பத்தில் எங்களுக்கும் ஓர் அளவு இருந்தது. மழை பெய்தால் ஒழுகாத பக்கத்தில் எத்தனை பேர் உட்கார முடியுமோ அத்தனை பேர்.

அவள் போனதும் அறைக்குள் முட்டி போட்டு நடந்து பார்த்தேன். பிள்ளையின் கண் இருக்கும் உயரத்தில் அறை வேறு மாதிரி இருக்கும். நாம் அழகு என்று மாட்டும் படம் அதற்குத் தெரியவே தெரியாது. மேஜைக்கு அடியில் ஒட்டியிருக்கும் சூயிங்கம்தான் தெரியும். கட்டை அடுக்கும் இடத்தை ஒரு மூலையில் வைத்தேன், புத்தகத்தை எதிர் மூலையில். ஓடுகிற பிள்ளையும் உட்கார்ந்திருக்கிற பிள்ளையும் மோதிக்கொள்ளக் கூடாது. மணலும் தண்ணீரும் வைக்கும் மேஜை கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில். விளையாட்டு அடுப்பும் சட்டிபானையும் கதவுக்கு நேராக. புதிதாக வருகிற பிள்ளை உள்ளே நுழைந்ததும் முதலில் அடுப்பைப் பார்த்தால் கொஞ்சம் தைரியம் வரும். எந்த நாட்டிலும் வீடு என்றால் அடுப்புதானே.

ஒவ்வொரு பெட்டி மேலும் உள்ளே இருக்கும் சாமானின் போட்டோவை ஒட்டினேன். எடுத்ததை எங்கே வைக்க வேண்டும் என்று நான் கத்தத் தேவையில்லை. விளையாட்டு, பழம், வெளியே போவது, ரொட்டி, தூக்கம் என்று அன்றைய நாளைப் படங்களாக வரிசையில் தொங்கவிட்டேன். கோட்டு மாட்டும் கொக்கிகளில் பெயருக்குப் பதிலாக ஆளுக்கு ஒரு படம் ஒட்ட வேண்டும். மற்ற கிளைகளில் பந்து, கார், ஆப்பிள் என்று இருக்கும். நான் எங்கள் ஏரியில் இருக்கும் நண்டு, எறா என்கிற இறால், மடவை மீன், கூழைக்கடா, பூநாரை என்று ஒட்டினேன். எறாவைப் பார்த்து ஈனெக்கெ, "இது புழுவா?" என்று கேட்டார். பொறுத்துக்கொண்டேன்.

பிள்ளைகளின் பட்டியல் வந்ததும் எனக்கு ஒரு வேடிக்கை. லோட்டெ என்ற பெண் குழந்தையின் குடும்பப் பெயர் எனக்கு ஏற்கெனவே தெரிந்த பெயர். பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறைத் தோட்டம் இருக்கிறதல்லவா, வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய தூண்களோடு, அங்கே ஒரு கல்லில் அதைப் படித்திருக்கிறேன். அவர்கள் இருநூறு வருடத்துக்கு மேல் எங்கள் ஊரில் கோட்டை கட்டி இருந்தவர்கள். கோட்டைக்குப்பத்தின் பெயரில் இருக்கும் கோட்டை அதுதான். இப்போது வெறும் முள்செடிக் காடு. அந்தப் பெயர்க்காரப் பிள்ளைக்குப் பூநாரைக் கொக்கியைக் கொடுத்தேன்.

கடைசியாக வந்தது அலமாரி. அகலமானது, முதுகுப் பலகை இல்லாதது, என் தோள் உயரம் இருக்கும். நேராகக் கொண்டுபோய் ஜன்னலுக்கு முன்னால் நிறுத்தினேன். யோசிக்கவே இல்லை, கை தானாகச் செய்தது.

ஈனெக்கெ அறையைச் சுற்றி வந்து எல்லாவற்றையும் பாராட்டினார். அலமாரி முன்னால் மட்டும் நின்றுவிட்டார்.

"கையசைக்கிற ஜன்னல் எங்கே?"

ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டும். இந்த நாட்டில் ஒவ்வொரு குழந்தைகள் காப்பகத்திலும் ஒரு ஜன்னலுக்கு இதுதான் வேலை. அப்பாவோ அம்மாவோ பிள்ளையை விட்டுவிட்டு வெளியே போய், சுற்றிக்கொண்டு அந்த ஜன்னலுக்கு வருவார்கள். டீச்சர் பிள்ளையைத் தூக்கி நிறுத்துவார். உள்ளேயிருந்து பிள்ளை கையசைக்கும், வெளியேயிருந்து அவர்கள் அசைப்பார்கள், முத்தம் பறக்கவிடுவார்கள், பிறகு போவார்கள். போகிற கிளையில் எல்லாம் பார்த்திருக்கிறேன். பாதிப் பிள்ளைகள் அங்கேதான் அழவே தொடங்கும். எதற்கு இந்த வேண்டாத வேலை என்று நினைத்துக்கொள்வேன்.

"பார்த்தால் அழும், பார்க்காவிட்டால் மறக்கும். என் அனுபவம் அப்படி" என்றேன்.

"அறை உன்னுடையது" என்று சொல்லிவிட்டு ஈனெக்கெ போய்விட்டார். இந்த ஊரில் அப்படிச் சொன்னால் சம்மதம் என்று அர்த்தம் இல்லை. எனக்கு அது அப்போது தெரியாது.

3

அந்த அனுபவம் என்ன என்று சொல்கிறேன்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் வீட்டுக்காரரும் என் மாமனாரும் கடலுக்குக் கிளம்பினார்கள். அனுப்பம்பட்டுக்காரிக்கு என்ன தெரியும். வாசலுக்கு ஓடிப்போய், "எங்க போறீங்க, எப்ப வருவீங்க?" என்று பின்னால் கூப்பிட்டுக் கேட்டேன். இரண்டு பேரும் அப்படியே திரும்பி வந்து வலையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். என் மாமியார் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. சாயங்காலம்தான் வாயைத் திறந்தார்.

"கடலுக்குப் போறவன எங்க போறன்னு கேக்குறியே, நல்லா கீறியா நீ? பின்னால கூப்புடக் கூடாது, நின்னு பாக்கக் கூடாது. போறவனும் திரும்பக் கூடாது. போய்க்கினே இருக்கணும், நாம நம்ம வேலைய பாத்துக்கினே இருக்கணும்."

அதற்குப் பிறகு நான் அந்த ஊர்ப் பெண்களைவிடக் கண்டிப்பாக அதைக் கடைப்பிடித்தேன். நெதர்லாந்துக்குக் கிளம்பிய அன்றும் அப்படித்தான். பொன்னேரி பஸ் ஏறும்போது வழியனுப்ப ஒருவரும் பஸ்ஸருகே நிற்கவில்லை. மாமியார் மீன் கழுவிக்கொண்டிருந்தார். அது அன்பில்லாமல் அல்ல, அன்பு இருப்பதால்.

அங்கன்வாடி ஒரே ஒரு அறை. அதில் ஏரியைப் பார்த்த ஜன்னல் ஒன்று, தாழ்வாக வைத்துக் கட்டியது. ஏரியில் இறங்கிக் கையால் சேற்றைத் தடவி எறாவும் நண்டும் பிடிக்கிற குடும்பங்களின் பிள்ளைகளும் எங்களிடம் வந்தார்கள். அந்தப் பெண்கள் மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, பறி என்கிற ஓலைக் கூடையின் கயிற்றைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் தடவுவார்கள். ஜன்னலிலிருந்து பார்த்தால் அவர்களின் தலை தெரியும்.

ஒரு நாள், அங்கே எனக்கு உதவியாக இருந்த மங்கம்மா ஆயா சத்துமாவு கிளறிக்கொண்டிருந்தார். நான் பிள்ளைகளை எடை போட்டுக்கொண்டிருந்தேன். மூன்று வயதுப் பெண் ஒன்று ஜன்னலில் தன் அம்மாவின் தலையைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் கதவைத் தாண்டி, கரையைத் தாண்டி, தண்ணீருக்குள் நடந்தே போய்விட்டது. தண்ணீர் அதன் தாடைக்கு வந்தபோதுதான் அம்மா திரும்பிப் பார்த்தாள். கத்துவதற்கு வாயைத் திறந்தாள், பறி விழுந்து அன்றைக்குப் பிடித்ததெல்லாம் தண்ணீரோடு போனது. பிள்ளை பிழைத்துக்கொண்டது. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அன்றே நானும் ஆயாவும் அரசாங்கம் கொடுத்த இரும்பு பீரோவை இழுத்து அந்த ஜன்னலை அடைத்தோம். பாய்களை ஏரிக்கு முதுகு காட்டி விரித்தோம். காலையில் பிள்ளையின் கையில் ஏதாவது தின்னக் கொடுத்து, அது குனிந்து பார்க்கும் நேரத்தில் அம்மாவுக்குக் கண் காட்டுவேன், அவள் நழுவிவிடுவாள். அதற்குப் பிறகு ஒரு பிள்ளையும் கரைப்பக்கம் போகவில்லை, அழுகையும் குறைந்தது. பீரோ வைத்தால் பிள்ளைகள் அடங்கும் என்று எனக்கு மனசில் பதிந்துவிட்டது.

4

இங்கேயும் அதே வித்தைதான். பெற்றோர் உள்ளே வந்ததும் பிள்ளையின் கையில் ஒரு உருண்டைக் களிமண்ணைக் கொடுப்பேன், அவர்களைப் பார்த்துத் தலையசைப்பேன், அவர்கள் தயங்கித் தயங்கிப் போவார்கள். மற்ற வகுப்புகளைவிட என் வகுப்பில் காலை அழுகை குறைவு. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை, ஈனெக்கெயே ஒத்துக்கொண்டார்.

லோட்டெ அழவே இல்லை. அதனால்தான் முதலில் அவளை நான் கவனிக்கவில்லை.

அவளைக் கொண்டுவந்து விடுவது அவளுடைய அப்பா. நெட்டையான மனிதர், வேறொரு நகரத்தில் வேலை, இங்கிருந்து நடந்து ஸ்டேஷனுக்குப் போய் ரயில் ஏறுவார். அவர் போனதும் லோட்டெ களிமண்ணைக் கீழே வைப்பாள். விளையாட்டு அடுப்பின் கதவைத் திறந்து உள்ளே பார்ப்பாள். கழிப்பறைக்குப் போய் ஒவ்வொரு கதவாகத் தள்ளிப் பார்ப்பாள். கோட்டுகளை விலக்கி அவற்றின் பின்னால் பார்ப்பாள். பிறகு திரும்ப அடுப்பு. ரொட்டி சாப்பிடும் நேரத்தில்கூட ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அறையைச் சுற்றுவாள். துறுதுறுப்பான பிள்ளை என்று நான் நினைத்தேன். அப்படியே அவளுடைய அப்பாவிடமும் சொன்னேன்.

மூன்றாவது வாரத்தில் ஒரு மதியம் அவளைக் காணோம். கழிப்பறையில் இல்லை, கோட்டு மாட்டும் இடத்தில் இல்லை. கதவு பூட்டியிருக்கிறது, வெளியே போயிருக்க முடியாது என்று தெரிந்தும் வாசல்வரை ஓடிப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால், அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வரிசையாக வைத்துவிட்டு, அந்த இடைவெளியில் ஊர்ந்து, அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே போய் உட்கார்ந்திருக்கிறாள். கண்ணாடியில் மூக்கை வைத்தபடியே தூங்கிப்போயிருந்தாள். அவளுடைய அப்பா வந்தபோது நடந்ததைச் சொன்னேன். இந்த ஊரில் மறைக்கக் கூடாது. அவர் கோபப்படவில்லை, நன்றி சொன்னார்.

மறுநாள் ஒரு மின்னஞ்சல் வந்தது. ஈனெக்கெக்கும் எனக்கும் சேர்த்து. இரண்டு முறை படித்தும் சரியாகப் பிடிபடாமல் கயலிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு உதட்டைக் கடித்தாள்.

"அம்மா, இது ரொம்ப மரியாதையா எழுதியிருக்காங்க. அப்படின்னா ரொம்பக் கோவம்னு அர்த்தம்."

"இன்னாதான் எழுதியிருக்கு, சொல்லு."

"அவர் போனதே லோட்டெக்குத் தெரியலையாம். பில்டிங்குள்ளதான் எங்கேயோ ஒளிஞ்சிருக்கார்னு நினைச்சு நாள் பூரா தேடுறாளாம். இப்ப வீட்லயும் அவர் பாத்ரூம் போனாக்கூட பின்னாடியே வந்து கதவைப் பிடிச்சுட்டு நிக்கிறாளாம். ஜன்னல் திரும்ப வேணுமாம். இன்னும் ரெண்டு பேரன்ட்ஸும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்காங்க."

"அழுவாம இருக்குதேன்னு பாக்க மாட்டாங்களா?"

"ஏம்மா அந்த ஜன்னலை அடைச்சே?"

"கையசைச்சு அனுப்புனா மட்டும் இன்னா ஆவப் போவுது? இவங்க தாத்தனுங்கள இதே ஊர்லதான் கப்பல்ல ஏத்தி நல்லா கையசைச்சு அனுப்புனாங்க. எல்லாம் எங்க ஊர்க் கல்லறையிலதான் கெடக்குது."

கயல் மின்னஞ்சலை மூடினாள். "மீட்டிங்ல தயவுசெஞ்சு இதைச் சொல்லிடாதம்மா" என்றாள்.

ஆமாம், கூட்டம். விடுமுறைக்கு முந்தின வாரம் பெற்றோர்களோடு உட்கார்ந்து பேசி, அதன் பிறகு அறை யாருக்கு என்று முடிவு செய்யலாம் என்று ஈனெக்கெ பதில் எழுதியிருந்தார். எழுத்தில் சிரிப்பு இருந்தது, ஆனால் எனக்கு விளங்கியது. அலமாரியை நகர்த்திவிட்டால் பிரச்சினை முடிந்தது என்று யாருக்கும் தோன்றும். எனக்கு மனசு வரவில்லை. அறையை என்னிடம் கொடுத்துவிட்டு, எனக்குத் தெரிந்ததை மட்டும் வெளியே வைத்துவிட்டு வா என்று சொல்வது போல இருந்தது. எனக்குப் பிடிவாதம் அதிகம். வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார்.

5

எனக்குச் சாட்சி சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. சனிக்கிழமை மத்தியானம் மங்கம்மா ஆயாவுக்குப் போன் போட்டேன். ஆயா இன்னும் அதே அங்கன்வாடியில்தான் இருக்கிறார்.

"இன்னா டீச்சரம்மா, நல்லா கீறியா? கயலு எப்டி கீது? அங்க குளுரு ஆரம்பிச்சிச்சா?"

எல்லாம் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்தேன். "ஆயா, ஒண்ணு கேக்கணும். நாம பீரோவ நவுத்தி ஜன்னல அடைச்சோம் இல்ல, அதுக்கப்புறம் புள்ளைங்க எதுனா தேடுச்சா, அழுதுச்சா?"

"அப்ப எங்க அழுதுச்சு. இப்பதான் உசுர வாங்குதுங்க."

"ஏன், இப்ப இன்னா?"

"ஏரில இன்னா கீது டீச்சரம்மா, எறாவா கீது நண்டா கீது? பொம்பளைங்க எல்லாம் எறா உரிக்கிற கம்பெனிக்குப் போறாளுங்க. காலைல வேன் வந்து இட்டுக்கினு போவுது, பொழுது சாஞ்சாதான் கொண்டாந்து உடுது. புள்ளைங்க நாள் பூரா தேடிக்கினே கீதுங்க. கதவாண்ட போவுது, வருது. மூலைய மூலைய பாக்குது. ஒரு பையன் பீரோ பின்னால பூந்துக்கினு வெளிய வரவே மாட்டேங்குறான்."

லோட்டெயைப் பற்றி ஆயாவிடம் நான் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

"முன்ன இந்த மாதிரி தேடலையே ஆயா" என்றேன்.

"முன்ன எதுக்குத் தேடும்? பறி ரொம்புனா கரைக்கு வருவாளுங்க இல்ல, வரச்சொல்ல எல்லாம் கொரல் குடுப்பாளுங்களே. டீச்சரம்மா, என் புள்ள துன்னுச்சானு. ஆயா, மூக்கு ஒழுவுதே தொடச்சியானு. நமக்கே காது வலிக்கும். இப்ப ஆரு கீறா கொரல் குடுக்க."

ஆயா சொன்னது புகார், அவ்வளவுதான். எனக்குத்தான் அதில் எல்லாம் புரிந்தது. பிள்ளைகளை அடக்கியது பீரோ இல்லை. அம்மாவைப் பார்க்க முடியாவிட்டாலும் அம்மா எங்கே இருக்கிறாள் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. அரை மணிக்கு ஒரு தரம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவளுடைய சத்தம் வந்துகொண்டே இருந்தது. லோட்டெயின் அப்பாவோ ரயிலேறிப் போகிறார், எவ்வளவு கத்தினாலும் கேட்காது. இத்தனை வருடமும் அந்தப் பெருமையை நான் ஓர் இரும்புப் பெட்டிக்குக் கொடுத்து வைத்திருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது.

"ஆயா, பீரோவ அந்தாண்ட நவுத்திடு" என்றேன்.

"நவுத்துனா ஏரிக்கு ஓடும்னு நீதானம்மா சொன்ன."

"அம்மாங்க ஏரில இல்லையே, எதுக்கு ஓடும்? கதவுக்கு கிரில் போட்டிருக்கு இல்ல?"

"அது போட்டாச்சு. பூட்டுகூட கீது."

"அப்ப பயம் இல்ல. வேனு அந்த ஜன்னலாண்டதான நிக்கும்? ஏறிப் போறத புள்ளைங்க பாக்கட்டும்."

"போறவங்கள நின்னு பாக்க உடலாமா டீச்சரம்மா? கடல்காரங்க ஊரு இது. உன் மாமியா கேட்டா என்னை உண்டு இல்லன்னு ஆக்கிடும்."

"அவங்க கம்பெனிக்குத்தான போறாங்க ஆயா, கடலுக்கா போறாங்க?"

"அது சரிதான். ஆனா அவளுங்க திரும்பிப் பாக்க மாட்டாளுங்க, சொல்லிட்டேன்."

"அவங்க பாக்க வேணாம். புள்ளைங்க பாத்தா போதும்."

6

ஞாயிற்றுக்கிழமை சாவியை வாங்கிக்கொண்டு போனேன். கயலும் வந்தாள். கூப்பிடாமலே வந்தாள் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். இரண்டு பேரும் அலமாரியைத் தள்ளிச் சுவரோரம் வைத்தோம். ஜன்னலுக்குக் கீழே பிள்ளைகள் ஏறி நிற்க ஒரு நீளமான மரப்படியைப் போட்டேன். கண்ணாடியில் கீழ்ப்பக்கம் லோட்டெயின் மூக்குத் தடம் இருந்தது. துடைத்தேன்.

திங்கட்கிழமை காலை லோட்டெயின் அப்பா உள்ளே வந்ததும் ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் வெளியே போனதும் லோட்டெயைப் படியில் ஏற்றிவிட்டுப் பக்கத்தில் நின்றேன். அவர் கையை ஆட்டினார். அவள் கண்ணாடியைத் தட்டினாள். நானும் கையைத் தூக்க வேண்டும், அதுதான் இங்கே முறை. போகிற ஒருவரைப் பார்த்து என் கை அவ்வளவு எளிதாகத் தூக்கிக்கொள்ளாது. ஒருவழியாகத் தூக்கினேன். அவர் ஸ்டேஷன் போகும் பாதையில் ஜன்னலைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து போய் ஒரு சைக்கிளில் இடித்துக்கொண்டார். அந்தச் சைக்கிள்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி கையசைத்தார். முனையில் திரும்பி மறைந்தார். லோட்டெ கொஞ்சம் அழுதாள். பிறகு, "ரயில்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் படியிலிருந்து இறங்கினாள். அடுப்பைத் திறந்து மரத்தில் செய்த உருளைக்கிழங்கு ஒன்றை உள்ளே வைத்து மூடினாள். அன்றைக்கு அவள் கழிப்பறைப் பக்கம் போனது ஒரே ஒரு தரம், அதுவும் போக வேண்டியதற்காக.

கூட்டத்தில், ஜன்னலை ஏன் அடைத்தேன் என்று எனக்குத் தெரிந்த டச்சில் சொன்னேன். தாடையளவு தண்ணீரில் நின்ற பிள்ளையைச் சொன்னேன், பறி விழுந்ததைச் சொன்னேன். கல்லறையைச் சொல்லவில்லை. முடிந்ததும் லோட்டெயின் அப்பா எனக்குக் காப்பி எடுத்து வந்து கொடுத்தார். விடுமுறைக்குப் பிறகும் அந்த அறை என்னிடம்தான் இருக்கிறது, நிரந்தரமாக. ஈனெக்கெ அதைச் சொன்னபோது நான் அழுதேன். அதை மறைக்க எனக்கு ஆசை இல்லை.

போன வெள்ளிக்கிழமை ஆயா தன் மருமகளின் போனில் எடுத்த வீடியோ ஒன்றை அனுப்பியிருந்தார். கயலும் நானும் சோபாவில் உட்கார்ந்து பார்த்தோம். பீரோ இல்லாத ஜன்னல். அதன் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் பிள்ளைகளின் முதுகு. வெளியே வெள்ளை வேன், அதற்கு அப்பால் ஏரி. பெண்கள் சாப்பாட்டுக் கூடையோடு ஒவ்வொருத்தியாக ஏறுகிறார்கள். பிள்ளைகள் அம்மா, அம்மா என்று கத்துகிறார்கள், கம்பிக்கு வெளியே கையை விட்டு ஆட்டுகிறார்கள். வேனுக்குள் கொண்டை போட்ட தலைகள் வரிசையாகத் தெரிகின்றன. எல்லாம் நேராக முன்னால் பார்த்தபடி.

"ஏம்மா ஒருத்தர்கூட திரும்ப மாட்டேங்கறாங்க? பாவம் பசங்க" என்றாள் கயல்.

நான் சொன்னேன். போறவங்க திரும்பக் கூடாது, திரும்பினா பின்னால இருக்கிறவங்களுக்கு நல்லதில்லைன்னு அங்க ஒரு பயம் என்றேன். இதை அவளுக்கு இதற்கு முன் சொன்னதில்லை.

வேன் கிளம்பியது. பிள்ளைகளின் சத்தம் அதிகமானது. அப்போது வேனின் பக்கவாட்டு ஜன்னல் ஒன்றிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. தலை திரும்பவில்லை. முழங்கையை மடக்கி, பின்பக்கமாக விரல்களை விரித்து அந்தக் கை ஆடியது. அடுத்த ஜன்னலிலிருந்து இன்னொரு கை. அதற்கடுத்து இன்னொன்று. வேன் ஏரிக்கரையைச் சுற்றிப் போகும்வரை ஒரு தலையும் திரும்பவில்லை, கைகள் மட்டும் ஆடிக்கொண்டே போயின.

அறைக்குள் சத்தம் அடங்கியிருந்தது. வீடியோ முடிவதற்கு முன்னால் ஒரு பையனின் குரல் மட்டும் கேட்டது.

"ஆயா, அந்த பச்ச வளையலு போட்ட கையி எங்கம்மாளுது."